அப்டேட் வருவதற்கு முன் என்ன சொல்வது, எப்போது சொல்வது: சிறிய கேம் குழுக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோத்தகிரியில் நாங்கள் சிலர் சேர்ந்து செல்போனில் விளையாடும் ஒரு பஸ் கேம் செய்கிறோம். மேட்டுப்பாளையத்தில் கிளம்பி மலையேறும் அரசுப் பேருந்து, பனிமூட்டம், எதிரே இறங்கி வரும் காய்கறி லாரி, கொண்டை ஊசி வளைவில் அடிக்கும் ஹாரன், இவைதான் ஆட்டம். பர்லியாறு வழியாகக் குன்னூர் போகும் பாதையும், குஞ்சப்பனை வழியாகக் கோத்தகிரி வரும் பாதையும் முதலிலிருந்தே உண்டு. ஆனால் எங்களுக்கு அதிகம் வரும் கேள்வி, "அண்ணா, கல்லட்டி எப்போ வரும்?" என்பதுதான். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். மலையில் வண்டி ஓட்ட ஆசைப்படும் யாரும் ஒருமுறையாவது கேட்டிருக்கும் பெயர் அது.

அந்தப் பாதையை ஒரு அப்டேட்டாகக் கொண்டுவருவதை உதாரணமாக வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். நீங்கள் செய்வது ரம்மியாக இருக்கலாம், சண்டை ஆட்டமாக இருக்கலாம், முறை ஒன்றுதான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறிவிப்பு வந்த நிமிடத்திலேயே விளையாடுகிறவர் மனதில் ஒரு படம் உருவாகத் தொடங்கிவிடும். எது உண்டு, எது இல்லை என்று நாம் சொல்லாத இடங்களை அவர் தன் ஆசையால் நிரப்பிக்கொள்வார். வெளியீட்டு நாளில் வரும் கோபத்தில் பெரும்பகுதி அந்த இடங்களிலிருந்துதான் வருகிறது. அதனால் 'இல்லை' என்பதை முன்கூட்டியே, மரியாதையாக, தெளிவாகச் சொல்லப் பழகுவதுதான் இந்த வேலையின் மையம்.

படி 1: வாய் திறப்பதற்கு முன் கணக்கெடுங்கள்

குழு மொத்தமும் உட்கார்ந்து, வரப்போகும் அப்டேட்டில் இருக்கும் எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுதியதை மூன்றாகப் பிரியுங்கள். முதலாவது, இப்போதே போனில் ஓடுவது. இரண்டாவது, பாதி முடிந்தது. மூன்றாவது, ஆசை.

பிரிக்கும்போது ஒரே ஒரு கேள்வி போதும்: "இன்றைய பில்டில், அதாவது இன்றுவரை முடிந்ததைச் சேர்த்து எடுத்த பதிப்பில், இதை ஓட்டிக் காட்ட முடியுமா?" முடியும் என்றால் முதல் பட்டியல். "கோடிங் எழுதியாச்சு, இணைக்கணும்" என்றால் இரண்டாவதுதான், அதில் இரக்கம் காட்டாதீர்கள். கல்லட்டி உதாரணத்தில் சாலையும் 36 வளைவுகளும் பனிமூட்டமும் ஓடுகின்றன. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற மலைப்பாதை விதியை எதிர்வரும் லாரிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பகுதி பாதியில் நிற்கிறது. இரவு ஓட்டம் வெறும் ஆசை. முதல் அறிவிப்பில் முதல் பட்டியலுக்கு மட்டுமே இடம். இரண்டாவது பட்டியலில் இருப்பது முடிந்துவிட்டால் பிறகு சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம், யாரும் வருத்தப்படப் போவதில்லை. சொன்னதை எடுப்பதுதான் வலிக்கும்.

படி 2: கேட்கிறவர் எதைக் கேட்கிறார் என்று பிரித்துப் பாருங்கள்

இந்தப் படியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வது இங்கேதான்.

"கல்லட்டி எப்போ?" என்று கேட்கும் எல்லோரும் ஒரே பொருளைக் கேட்பதில்லை. மதுரையிலிருந்து கேட்கும் பள்ளிக்கூடத்துப் பையனுக்கு 36 வளைவையும் இடிக்காமல் இறங்கும் சவால் வேண்டும். கூடலூர்க்காரருக்கோ மசினகுடிக்காரருக்கோ தன் ஊர் அச்சு அசலாக இருக்க வேண்டும்: நிறுத்தம் சரியான பக்கத்தில் இருக்கிறதா, வளைவின் எண் பலகை இருக்கிறதா, எந்த இடத்தில் மரம் மாறுகிறது. லாரி ஓட்டும் ஒருவருக்கு இரண்டாம் கியரில் இறங்கும்போது எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் அந்த உணர்வு வேண்டும். பிரேக்கை மட்டும் மிதித்தால் அது சூடாகிப் பிடிக்காமல் போக வேண்டும். யூடியூபில் வீடியோ போடுகிறவருக்கு யானை வேண்டும்.

ஆம், யானை. மசினகுடி முதுமலையை ஒட்டிய ஊர். அந்தச் சாலையின் பெயரைச் சொன்னதுமே கேட்பவர் மனதில் யானை ரோட்டைக் கடந்துவிடுகிறது. நீங்கள் யானையைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்க மாட்டீர்கள். இருந்தாலும் அப்டேட் வந்த அன்று "யானையே இல்லையே ப்ரோ" என்று ஒரு ஸ்டார் விழும். யாரும் வாக்குக் கொடுக்காமலே பிறந்த எதிர்பார்ப்பு இது. உங்கள் ஆட்டத்திலும் இப்படி ஒரு யானை நிச்சயம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: குழுவில் இல்லாத, ஆனால் ஆட்டத்தை விரும்பும் நான்கைந்து பேரிடம் அப்டேட்டின் பெயரை மட்டும் சொல்லுங்கள். "இதில் என்னவெல்லாம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொல்வதை வரிக்கு வரி எழுதிக்கொள்ளுங்கள். இடையில் திருத்தாதீர்கள். அந்தப் பட்டியலையும் உங்கள் முதல் பட்டியலையும் அருகருகே வையுங்கள். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைத்தான் அடுத்த சில வாரங்களுக்கு நீங்கள் பேசிப் பேசி மூடப்போகிறீர்கள்.

படி 3: முதல் அறிவிப்பைச் சின்னதாக வையுங்கள்

2016 ஆகஸ்டில் வெளிவந்த 'நோ மேன்ஸ் ஸ்கை' ஆட்டத்தை இந்தத் துறையில் யாரும் மறக்கமாட்டார்கள். வெளியீட்டுக்கு முன் பேட்டிகளில் அதன் தலைவர் ஷான் மர்ரே பேசிய பல விஷயங்கள் முதல் நாள் ஆட்டத்தில் இல்லை. இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டில் இருக்கும் சிறிய குழு அது. கோபம் வெடித்த பிறகு அவர்கள் பேச்சைக் குறைத்து வேலையைப் பார்த்தார்கள். 2018 ஜூலையில் 'நெக்ஸ்ட்' அப்டேட் வந்தபோது, கூடச் சேர்ந்து விளையாடும் வசதி முழுமையாகக் கிடைத்தது. அதற்குப் பிறகு அவர்கள் பெரும்பாலும் அப்டேட் கிட்டத்தட்டத் தயாரான பிறகுதான் வாயைத் திறக்கிறார்கள். அறிவிப்புக்கும் வெளியீட்டுக்கும் நடுவே கற்பனை வளர இடமே கிடைப்பதில்லை. சிறிய குழுக்களுக்கு நான் பரிந்துரைப்பது இந்த வழியைத்தான். பெரிய நிறுவனங்களைப் போல ஒரு வருடத்துக்கு முன்பே கொடி ஏற்ற நமக்கு அவசியம் இல்லை.

கல்லட்டிக்கு நான் எழுதும் முதல் அறிவிப்பு இப்படி இருக்கும்:

"அடுத்த அப்டேட்டில் ஊட்டி – மசினகுடி பாதை வருகிறது. 36 வளைவுகளும் உண்டு. பகல், மாலை, பனிமூட்டம் உண்டு. இரவு ஓட்டம் இந்த அப்டேட்டில் இல்லை. யானை உட்பட எந்த விலங்கும் இதில் இல்லை. புதிய பஸ்ஸும் இல்லை, இப்போது உங்களிடம் இருக்கும் பஸ்ஸையே ஓட்டலாம். தேதி முடிவானதும் சொல்கிறோம்."

இதில் 'உண்டு' எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு 'இல்லை' இருப்பதைக் கவனியுங்கள். "இப்படி எழுதினால் ஆர்வம் குறைந்துவிடாதா?" என்று கேட்பார்கள். யானைக்காக மட்டும் காத்திருந்தவருக்குக் குறையும்தான். அவருக்கு இன்று ஏமாற்றம் சின்னது. டேட்டா செலவழித்து இறக்கி, ஓட்டிப் பார்த்த பிறகு வரும் ஏமாற்றம் பெரியது.

எண்களில் இன்னும் கவனம் வேண்டும். 36 என்று எழுதிவிட்டால் எண்ணிப் பார்ப்பார்கள். நிஜச் சாலையில் வளைவுக்கு வளைவு எண் பலகை இருக்கும்போது எண்ணாமல் இருப்பார்களா? 35 வந்தால் நீங்கள் வாக்குத் தவறியவர். ஆகவே எண்ணிச் சரிபார்த்த எண்ணை மட்டும் எழுதுங்கள். இல்லையென்றால் எண்ணே வேண்டாம்.

'பிரம்மாண்டமான', 'இதுவரை பார்த்திராத' போன்ற சொற்களை விட்டுவிடுங்கள், அவற்றுக்கு அளவே கிடையாது. 'விரைவில்' என்பதும் வேண்டாம். கேட்பவருக்கு அது அடுத்த வாரம், சொல்பவருக்கு அடுத்த வருடம். "முயற்சி பண்றோம்" என்பதும் ஆபத்துதான். வாட்ஸ்அப் குழுவில் யாரோ கேட்க, குழுவில் ஒருவர் பிரியமாக "இரவு ஓட்டமும் ட்ரை பண்றோம் தம்பி" என்று பதில் போட்டால், மறுநாள் அது "இரவு ஓட்டம் உறுதி" என்ற தலைப்பில் ஒரு யூடியூப் ஷார்ட்ஸாக வந்து நிற்கும். அதனால் யார் பதில் சொல்வது, எந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று ஒரு பக்கத்தில் எழுதி, குழுவில் எல்லோரிடமும் கொடுத்துவிடுங்கள். படம் வரைகிறவர், இசை போடுகிறவர், எல்லோரிடமும்.

படி 4: தேதியைக் கடைசியாகச் சொல்லுங்கள்

'சைபர்பங்க் 2077' என்ற பெரிய ஆட்டம் வரும் தேதியை முதலில் 2020 ஏப்ரல் 16 என்றார்கள். அது செப்டம்பர் 17 ஆனது, பிறகு நவம்பர் 19, கடைசியில் டிசம்பர் 10. ஒவ்வொரு தள்ளலும் அடுத்த தேதியை இன்னும் கனமாக்கியது. ஒரு தேதி சொன்னதும் மனிதர்கள் லீவு போடுகிறார்கள், நண்பர்களிடம் சொல்லி வைக்கிறார்கள், காசை எடுத்து வைக்கிறார்கள். அதற்கு மதிப்புக் கொடுங்கள்.

முதலில் காலாண்டு, அப்புறம் மாதம், அப்புறம் வாரம், கடைசியில் நாள் என்று நெருங்கி வாருங்கள். நாளைச் சொல்வது, பில்டைப் பூட்டி, கடைக்கு (பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோர்) அனுப்பி, அங்கே பரிசீலனை முடிந்த பிறகே.

மலையில் இருந்து வேலை செய்பவர்களுக்குத் தனியாக ஒரு கணக்கு உண்டு. அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை. மண் சரிந்து பாதை மூடும், மரம் விழுந்து கரண்ட் போகும், ஃபைபர் அறுந்தால் ஆள் வந்து இணைக்கும்வரை காத்திருக்க வேண்டும். வெளியீட்டுக்கு மறுநாள் ஆட்டம் திறந்ததும் மூடிக்கொள்கிறது என்று ஆயிரம் பேர் எழுதும்போது, திருத்திய பில்டை ஏற்ற முடியாமல் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கக் கூடாது. அந்த மாதங்களில் வெளியிட்டே ஆக வேண்டும் என்றால், குழுவில் ஒருவர் கோயம்புத்தூரில் இருந்து பார்த்துக்கொள்ளட்டும். ஏப்ரல், மே மாதங்களில் வேறு சிக்கல்: பள்ளி விடுமுறை என்பதால் விளையாடுகிறவர்கள் அதிகம், ஆனால் நமக்கும் சீசன். வீட்டில் விருந்தாளி, ரோட்டில் நெரிசல். அதையும் கணக்கில் எடுத்துத்தான் தேதி குறிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை மட்டும் எந்த மாதத்திலும் வேண்டாம்.

படி 5: சாதாரண போனில் ஓட்டிக் காட்டுங்கள்

சைபர்பங்க்குக்கு வந்த கோபத்தில் தேதியைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வெளியீட்டுக்கு முந்தைய விமர்சனங்களுக்குக் கணினிப் பதிப்பைத்தான் கொடுத்தார்கள். பழைய பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிகளில் அது எப்படி ஓடும் என்பதை மக்கள் காசு கொடுத்து வாங்கிய பிறகே பார்த்தார்கள். அதே டிசம்பரில் சோனி தன் கடையிலிருந்து அந்த ஆட்டத்தை எடுத்தது. மீண்டும் விற்பனைக்கு வந்தது 2021 ஜூனில். 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட்டுக்குப் பிறகு அதன் பெயர் நன்றாகவே மீண்டது. ஆனால் நம்மைப் போன்ற சிறிய குழுவுக்கு அத்தனை வருடம் தாங்கும் காசு இருக்காது.

ஆகவே டீசர் எடுப்பதற்கு, உங்கள் ஆட்டத்தை விளையாடுபவர்களிடம் அதிகம் இருக்கும் சாதாரண போனை எடுங்கள். 3 ஜிபி ராம் உள்ள, இரண்டு மூன்று வருடம் பழகிய ஒரு போன். பனிமூட்டத்தில் பஸ் கொஞ்சம் திணறினால் திணறுவது தெரியட்டும். வீடியோவிலேயே போனின் வகையையும், எந்தப் படத் தர அமைப்பில் ஓடுகிறது என்பதையும் எழுதுங்கள். நல்ல போனில் எடுத்த காட்சியும் போடலாம், ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போடுங்கள்.

கூடவே இறக்க வேண்டிய அளவைச் சொல்லுங்கள். நம் ஆட்களில் பலருக்கு ஒரு நாளைக்கு 1.5 ஜிபிதான் டேட்டா. "அப்டேட் 600 எம்பி, போனில் 2 ஜிபி காலியாக இருக்க வேண்டும்" என்று இரண்டு நாள் முன்பே தெரிந்தால், வீடியோக்களை அழித்து இடம் பண்ணி வைப்பார்கள். தெரியாவிட்டால் பாதியில் நின்றுபோன பதிவிறக்கத்துக்கும் நாம்தான் பொறுப்பு.

படி 6: சோதனையாளர்களைத் தேர்ந்தெடுங்கள்

2023 நவம்பர் 13-க்குப் பிறகு பிளே ஸ்டோரில் ஆட்டம் வெளியிடத் தனிநபர் கணக்கு தொடங்கியவர்கள், ஆட்டத்தை முதல்முறை அங்கே எல்லோருக்கும் திறக்கும் முன் மூடிய சோதனை, அதாவது நாம் சேர்த்துக்கொள்ளும் சிலர் மட்டும் ஓட்டிப் பார்க்கும் சோதனை, நடத்தியாக வேண்டும். சோதிப்பவர்கள் முதலில் குறைந்தது 20 பேர் என்றிருந்தது, 2024 டிசம்பரில் 12 பேராகக் குறைத்தார்கள். தொடர்ந்து 14 நாட்கள் அவர்கள் சோதனையில் சேர்ந்திருக்க வேண்டும். இது கட்டாயம் இல்லாதவர்களும் ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்கும் இப்படி ஒரு வட்டம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வட்டத்தில் உங்களைப் புகழ்கிறவர்கள் மட்டும் இருந்தால் பயன் இல்லை. எப்போதும் குறை சொல்லும் ஆள் ஒருவர், மசினகுடி சாலையை நிஜத்தில் அறிந்தவர் ஒருவர், கொடைக்கானல் பக்கம் சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் இருப்பவர் ஒருவர், மிகப் பழைய போன் வைத்திருப்பவர் ஒருவர் வேண்டும். சோதனை முடிந்ததும் "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். "என்ன இருக்கும் என்று நினைத்து வந்தீர்கள், எது இல்லை?" என்று கேளுங்கள். அந்தப் பதில்கள் படி 2-இல் எழுதிய பட்டியலைப் புதுப்பிக்கும். இன்னொன்று, எதை வெளியே சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று அவர்களுக்கு எழுத்தில் கொடுங்கள். "எதையும் சொல்லாதே" என்பதைவிட "இதையெல்லாம் தாராளமாகச் சொல்" என்பது நன்றாக வேலை செய்கிறது.

படி 7: தள்ளிப்போனால், வெட்ட வேண்டி வந்தால்

இதற்கு 'மைன்கிராஃப்ட்' ஆட்டத்தைவிடத் தெளிவான பாடம் கிடையாது. 2020 அக்டோபரில் குகைகளும் மலைகளும் கொண்ட பெரிய அப்டேட் ஒன்றை அறிவித்தார்கள். 2021 ஏப்ரலில், ஒரே அப்டேட்டாகத் தர முடியாது, இரண்டாகப் பிரிக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். முதல் பகுதி அந்த ஜூன் 8 அன்றும், இரண்டாவது நவம்பர் 30 அன்றும் வந்தன. மலைகளின் உருவமே மாறும் அந்தப் பெரிய மாற்றம் இரண்டாவதில்தான் இருந்தது. ஏமாற்றம் இருந்தது, ஆனால் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

2020 அக்டோபரில் அதோடு சேர்த்து அறிவித்த தொல்லியல் பகுதி 2023 ஜூனில்தான் வந்தது. 2021-இல் காட்டிய மின்மினிப் பூச்சிகளின் கதை இன்னும் நுணுக்கமானது. தவளைகள் அவற்றைத் தின்னும் என்று காட்டியிருந்தார்கள். சில மின்மினிகள் தவளைக்கு விஷம் என்று தெரிந்ததும் எடுத்துவிட்டார்கள். மிகச் சின்ன ஒரு பூச்சி, ஆட்டத்தின் போக்கையே மாற்றாத ஒன்று. ஆனாலும் காட்டிவிட்டதால் வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2025-இல் மின்மினிப் புதர் என்ற வடிவத்தில் அது வந்தது. 2024 செப்டம்பரில் அந்த நிறுவனம், வருடத்துக்கு ஒரு பெரிய அப்டேட் என்பதை விட்டு, வருடம் முழுக்கச் சின்னச் சின்ன அப்டேட்கள் என்று மாறியது. சின்னதாக அடிக்கடி கொடுத்தால் எதிர்பார்ப்பும் அந்த அளவிலேயே நிற்கும். நமக்கு இது இன்னும் பொருந்தும்.

சரி, உங்களுக்கு அந்த நாள் வந்துவிட்டது. லாரி வழிவிடும் பகுதி சரியாக வரவில்லை, அப்டேட்டைத் தள்ள வேண்டும். தெரிந்த அன்றே சொல்லுங்கள், வெளியீட்டுக்கு முந்தின இரவுவரை காத்திருக்காதீர்கள். என்ன தள்ளிப்போகிறது, ஏன் என்பது ஒரு வரி, அடுத்து எப்போது பேசுவோம்: இந்த மூன்றும் போதும். புதிய தேதி கையில் இல்லாவிட்டால் புதிய தேதி சொல்ல வேண்டாம், அடுத்த தகவல் வரும் நாளை மட்டும் சொல்லுங்கள்.

"கல்லட்டி அப்டேட் இந்த மாதம் வராது. எதிரே வரும் லாரிகள் வளைவில் ஒன்றோடு ஒன்று சிக்கி நிற்கின்றன, அப்படியே தர எங்களுக்கு மனமில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை நிலவரம் சொல்கிறோம்."

அந்த வெள்ளிக்கிழமை, சொல்ல ஒன்றுமே இல்லாவிட்டாலும், "இன்னும் சிக்கல் தீரவில்லை" என்று சொல்லியே ஆக வேண்டும். இன்னொரு விதியை நான் விடாப்பிடியாகச் சொல்வேன்: நல்ல செய்தியை எந்த இடத்தில், எவ்வளவு சத்தமாகச் சொன்னீர்களோ, கெட்ட செய்தியையும் அதே இடத்தில், அதே சத்தத்தில் சொல்லுங்கள். வீடியோவில் அறிவித்துவிட்டு, தள்ளிப்போனதை மட்டும் ஒரு மூலையில் இரண்டு வரியில் போட்டால், அது கண்ணில் படாதவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்.

படி 8: கடைசி வாரம்

புதிதாக என்ன வருகிறது என்பது இதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். இந்த வாரம் பேச வேண்டியது, அவர்களிடம் ஏற்கெனவே இருப்பது என்ன ஆகும் என்பதைப் பற்றி. சேமித்த ஆட்டம் அப்படியே இருக்குமா? சம்பாதித்த காசும் வாங்கிய பஸ்ஸும் இருக்குமா? தாங்களே வண்ணம் தீட்டிய பஸ் டிசைன் புதிய பதிப்பில் வேலை செய்யுமா? ஆட்டத்தில் டீசல் விலையை ஏற்றுகிறீர்கள் என்றால், காரணத்தோடு இப்போதே சொல்லிவிடுங்கள். கிடைப்பதைவிட இழப்பதைத்தான் மனிதர்கள் முதலில் பார்ப்பார்கள்.

எந்தக் கருவிக்கு எப்போது என்பதையும் பிரித்துச் சொல்லுங்கள். 'ஸ்டார்டியூ வேலி' ஆட்டத்தின் 1.6 அப்டேட் 2024 மார்ச் 19 அன்று கணினிக்கும், நவம்பர் 4 அன்று போனுக்கும் மற்றக் கருவிகளுக்கும் வந்தது. கணினிக்குத்தான் முதலில் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

பிளே ஸ்டோரில் 'புதியது என்ன' பகுதிக்கு 500 எழுத்துகள்தான் இடம். முழுப் பட்டியலை ஆட்டத்துக்குள்ளேயே வையுங்கள். கடையில் மூன்று விஷயம் போதும்: பாதை வந்துவிட்டது, சேமித்த ஆட்டம் பத்திரம், தெரிந்த பக் (பிழை) இன்னின்னது. தெரிந்த பக்குகளை நீங்களே முதலில் எழுதுவதற்குத் தயங்காதீர்கள்.

படி 9: வெளியீட்டு நாளும் அதற்கு அடுத்த நாட்களும்

பிளே ஸ்டோரில் அப்டேட்டை முதலில் ஒரு சிறு சதவீதத்தினருக்கு மட்டும் விட்டு, சரியாக ஓடினால் படிப்படியாகக் கூட்டலாம். சிக்கல் என்றால் நிறுத்தலாம். ஆனால் ஏற்கெனவே வாங்கியவர்களிடமிருந்து திரும்பப் பெற முடியாது. ஐபோனுக்கான ஆப் ஸ்டோரில் இதே முறை ஏழு நாள் கணக்கில் 1, 2, 5, 10, 20, 50, 100 சதவீதம் என்று போகும். அங்கே தானாக அப்டேட் ஆவதற்குத்தான் இந்தக் கணக்கு, கையால் அப்டேட் செய்பவருக்கு உடனே கிடைக்கும்.

இந்த முறையைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதையும் முன்பே சொல்ல வேண்டும். "நண்பனுக்கு வந்துருச்சு, எனக்கு வரலையே அண்ணா" என்ற வருத்தம் முதல் நாளின் பெரும்பகுதியை நிரப்பிவிடும். "திங்களன்று தொடங்கி வெள்ளிக்குள் எல்லோருக்கும் வரும்" என்று ஒரு வரி இருந்தால், அதையே பதிலாகக் காட்டலாம்.

முதல் இரண்டு நாள் புதிய வாக்கு எதுவும் கொடுக்காதீர்கள். மனம் இளகி இருக்கும் நேரம் அது, யாராவது "கொடைக்கானல் மேப்?" என்று கேட்டால் "கண்டிப்பா" என்று வாயில் வந்துவிடும். "கேட்டதைக் குறித்து வைத்திருக்கிறோம், இப்போது எந்த வேலையும் தொடங்கவில்லை" என்பதே சரியான பதில், அது உண்மையாக இருக்கும்வரை.

ரிவ்யூக்களுக்குப் பதில் எழுதும்போது திட்டியவருக்கு முதலில் எழுதுங்கள். வளைவில் பஸ் தரைக்குள் போகிறது என்றால், எத்தனையாவது வளைவு, எந்த போன் என்று கேளுங்கள். திருத்தம் வந்ததும் அதே ரிவ்யூவுக்குத் திரும்பிப் போய், உங்கள் பழைய பதிலை மாற்றி, எந்தப் பதிப்பில் சரியானது என்று எழுதுங்கள். அவர் ஸ்டாரை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டாம்.